வளவில் 9 அடிக் கள்ளி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தம்பி, எங்கள் வீட்டு வளவில், அதாவது நடுமுற்றத்தில், தாழ்வாரத் தூணை ஒட்டி, சிமெண்டுத் தொட்டியில் ஒரு கள்ளி நிற்கிறது. எங்க வீட்டுச் செட்டியார் பெங்களூரிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வாங்கி வந்து தன் கையால் வைத்தது. அவர்கள் காலமாகிவிட்டார்கள். செடி 9 அடி வளர்ந்து ஓட்டுச் சட்டத்தை முட்டுகிறது. சாயாமலிருக்கப் பழைய சேலையைக் கிழித்துத் தூணோடு கட்டியிருக்கிறேன். அடியில் ஒரு முழத்துக்குப் பச்சை போய்ப் பழுப்பாகிவிட்டது. வைகாசியில் பங்காளி வீட்டுச் சாந்தி விசேஷம் வருகிறது, பந்தி வளவில்தான். முள்ளுச்செடி வீட்டுக்கு ஆகாது, வெட்டித் தூர எறியுங்கள் என்கிறார்கள். வெட்டினால் செத்துப்போகுமே என்று எனக்கு மனசு வரவில்லை. வேறு வழி உண்டா? படம் அனுப்பியிருக்கிறேன்.

ஒரு வாசகி, கானாடுகாத்தான்

பதில்: ஆச்சி, வெட்டத்தான் வேண்டும். ஆனால் எறிய வேண்டாம், சாகவும் சாகாது. சரியாக வெட்டினால் செட்டியார் வைத்த செடி ஒன்றுக்கு இரண்டாக உங்கள் வீட்டில் நிற்கும். விதை போட்டு முளைத்த கன்று தாயைவிட்டு வேறு உயிர். வெட்டி வைக்கிற துண்டு அப்படியில்லை, அதே செடிதான். அதனால் மனசைத் தேற்றிக்கொண்டு மேலே படியுங்கள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்களிடம் இருப்பது தூண்போல் வளரும் செரியஸ் இனம், தென் அமெரிக்காவிலிருந்து உலகமெல்லாம் பரவியது. சொந்த மண்ணில் 30 அடிக்கு வளரும், ஆகவே 9 அடி அதற்கு ஒன்றுமில்லை. உங்கள் செடியில் சிக்கல் உயரம் அல்ல. மண்ணிலிருந்து சுமார் 5 அடி வரை தண்டு ஒரே தடிமனாக, கரும்பச்சையாக இருக்கிறது. அதற்கு மேல் சட்டென்று இடுங்கி, மணிக்கட்டுத் தடிமனுக்கு வந்து, வெளிறிய பச்சையில் 4 அடி நீண்டிருக்கிறது. அதே படத்தின் மேல் ஓரத்தில் வளவுக்கு மேலே போட்டிருக்கும் ஃபைபர் ஷீட்டும் தெரிகிறது. குரங்குக்குப் பயந்து நம் ஊரில் பல வீடுகளில் இப்போது வானவெளியை இப்படி மூடியிருக்கிறார்கள். உங்கள் கள்ளி இடுங்கிய இடம்தான் வளவுக்கு வெயில் குறைந்த காலம் என்று நினைக்கிறேன். வெளிச்சம் போதாதபோது செடி தடிப்பதை விட்டுவிட்டு வெளிச்சத்தைத் தேடி நீளும். அப்படி நீண்ட பகுதி பிறகு எவ்வளவு வெயில் கிடைத்தாலும் பழைய தடிமனுக்கு வராது. காற்றடித்தாலோ யாராவது இடித்தாலோ ஒடிவதும் அந்தக் கழுத்தில்தான்.

அடியிலுள்ள பழுப்பைப் பற்றிக் கவலை வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது, இருந்தாலும் ஒன்று செய்து பாருங்கள். ஒரு குச்சியால் அழுத்துங்கள். கட்டையாக, காய்ந்து இறுகியிருந்தால் அது வயசு. முதிர்ந்த கள்ளிக்கு அடித்தண்டு அப்படித்தான் மரத்துப்போகும், பாரம் தாங்குவது அதுதான். குச்சி உள்ளே அமுங்கினாலோ, ஈரம் கசிந்து நாற்றம் வந்தாலோ அது அழுகல். அப்படியென்றால் நான் கீழே சொல்லும் மாசி வரை காத்திருக்காமல், அழுகலுக்கு மேலே நல்ல சதையாகப் பார்த்து உடனே வெட்டிவிட வேண்டும்.

தூணோடு கட்டிய சேலையை வெட்டுகிற நாள் வரை அவிழ்க்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். உங்கள் செடியின் தடிமனைப் பார்த்தால் மொத்தமும் 15 கிலோவை நெருங்கும், அவ்வளவும் தண்ணீர்ப் பாரம். கட்டு இல்லாமல் சரிந்தால் ஆத்தங்குடிக் கல் விரிசல் விடும், பக்கத்தில் குழந்தை இருந்தால் நினைத்துப் பார்க்கவே வேண்டாம். அதைவிட, பர்மாத் தேக்குத் தூணில் ஆணி அடித்துக் கொக்கி மாட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அந்தத் தூண் இனி கிடைக்காது.

எப்போது வெட்டுவது? இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது தை நடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரம் போய், பனியும் குறைந்து, மாசி பிறந்ததும் வெட்டுங்கள். கள்ளிக்கு வெட்டு எதிரியில்லை, வெட்டுவாய் காயாமல் இருப்பதுதான் எதிரி. மாசி, பங்குனிக் காற்றில் அது நன்றாகக் காயும். வைகாசிப் பந்திக்குள் வளவும் காலியாகிவிடும். வெட்டுவதற்கு 2 வாரம் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுங்கள்.

அன்றைக்குத் துணைக்கு ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். தடித்த தோல் கையுறை, பழைய செய்தித்தாள், நாலைந்து சாக்கு, நீளமான கூரிய கத்தி, ஒரு சிறிய ரம்பம், மருந்துக் கடை ஸ்பிரிட் இவ்வளவும் பக்கத்தில் இருக்கட்டும். முள்வாங்கியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். தரையில் சாக்கு விரித்துவிடுங்கள். இந்தக் கள்ளியை வெட்டினால் பால் வராது, வழவழவென்று ஒரு நீர் ஒழுகும். பூக்கல் தரையில் அது பட்டால் கால் வழுக்கிவிடும்.

செய்தித்தாளைப் பல மடிப்பாக மடித்து 4 விரல் அகலப் பட்டையாக்கி, தண்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டால் முள் கையில் ஏறாது. துணை ஆள் மேல் பகுதியை அப்படிப் பிடித்துக்கொள்ள, நீங்களோ பிள்ளைகளோ அந்த இடுங்கிய கழுத்துக்குக் கீழே, தடித்த சதையில் முதல் வெட்டைப் போடுங்கள். ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் ஒரே இழுப்பாக வெட்டுவது நல்லது. மேலே உள்ள மெல்லிய 4 அடியை வைத்துக்கொள்ள ஆசை வரும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வேர் விடும், ஆனால் காலம் முழுக்க முட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதை மட்டும்தான் எறிவேன்.

அடுத்த வெட்டு மண்ணிலிருந்து 2 அடி உயரத்தில். அங்கே நடுவில் கட்டை விழுந்திருக்கலாம், கத்தி நின்றால் ரம்பத்தை எடுங்கள். இப்போது உங்கள் கையில் 3 அடி நீளத்தில் நல்ல தடித்த துண்டு ஒன்று இருக்கும். உடனே அதன் கீழ்முனையில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். இரண்டு பக்கமும் வெட்டிய துண்டில் எது தலை, எது கால் என்று 3 வாரம் கழித்துச் சொல்வது கஷ்டம். தலைகீழாக நட்டால் வளராது.

வெட்டுவாயை உற்றுப் பாருங்கள். வெளிறிய பச்சைச் சதைக்கு நடுவே ஒரு வட்டம் தெரியும், நீரும் சத்தும் ஓடுகிற நாளங்கள் அதில் இருக்கின்றன. வட்டமும் சதையும் சுத்தமாக இருந்தால் சரி. பழுப்போ, சிவப்போ, கறுப்போ புள்ளியாக ஓடியிருந்தால் அழுகல் உள்ளே ஏறியிருக்கிறது. கத்தியை ஒவ்வொரு தடவையும் ஸ்பிரிட்டில் துடைத்துத் துடைத்து, சுத்தமான சதை வரும் வரை வில்லை வில்லையாகச் சீவி எறியுங்கள். இதில் தாட்சண்யம் பார்த்தால் முழுத் துண்டும் போய்விடும்.

துண்டின் கீழ்முனையில் மேல்தோல் ஓரத்தைச் சுற்றிலும் பென்சில் சீவுவதுபோல் சாய்வாகச் சீவிவிடுங்கள். காயும்போது நடுச்சதை உள்வாங்கும், தடித்த தோல் வாங்காது. சீவாமல் விட்டால் அடி குழிந்து, நடுவட்டத்திலிருந்து வரவேண்டிய வேர் மண்ணைத் தொடாமல் நின்றுவிடும். தொட்டியில் நிற்கும் அடிக்கட்டையின் தலையை லேசான சரிவாக வெட்டினால் தண்ணீர் தேங்காது. கந்தகத் தூள் இருந்தால் வெட்டுவாயில் தூவலாம். இல்லையென்றாலும் குறையில்லை, காற்றும் நிழலும் செய்கிற வேலையை எந்தத் தூளும் செய்யாது.

துண்டை இரண்டாங்கட்டுத் தாழ்வாரத்தில், மழைச்சாரலும் நேர்வெயிலும் படாத இடத்தில், ஒரு காலி வாளிக்குள் செய்தித்தாளைத் திணித்து நிமிர்த்தி வையுங்கள். படுக்கவைத்தால் வெளிச்சம் பார்த்து வளைந்துகொள்ளும். உங்கள் செடியின் தடிமனுக்கு 3 முதல் 4 வாரம் காய வேண்டும். தொட்டால் மரத்துண்டாகத் தட்டுப்படுகிற அளவுக்கு அடி இறுகட்டும், அதுவரை மண் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பச்சைத்தண்டை ஈரமண்ணில் நட்டு அழுகவிட்டவர்கள்தான் எனக்கு எழுதுகிறவர்களில் அதிகம்.

மண் கலவைக்கு நீங்கள் கடைக்குப் போகவே வேண்டாம். நம் செம்பூரான் சரளையைச் சலித்து, தூசியைத் தள்ளிவிட்டுக் கடலைப் பருப்பு அளவுள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 2 பங்கு, செம்மண் 1 பங்கு, பெருமணல் 1 பங்கு. புதுவயல் அரிசி ஆலைப் பக்கம் உமிக்கரி கிடைத்தால் ஒரு கை சேர்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம், மண்ணில் காரத்தன்மை ஏறிவிடும். தொட்டி மானாமதுரை மண்தொட்டியாக, உயரத்தைவிட வாய் அகலமாக இருக்கட்டும். மண்தொட்டி ஈரத்தை வெளியே விடும், அகன்ற அடி சாயவிடாது. துண்டை 3, 4 அங்குலம் மட்டும் புதைத்து, சுற்றிலும் 3 குச்சி நட்டு நாடாவால் கட்டிவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒரு மாசம் கழித்து லேசாக அசைத்துப் பாருங்கள், பிடித்துக்கொண்டு நின்றால் வேர் ஓடிவிட்டது. அப்போதுதான் முதல் தண்ணீர்.

பழைய தொட்டியில் நிற்கும் 2 அடிக் கட்டையைப் பின்கட்டுக்கோ கிணற்றடிக்கோ வெளிச்சமான இடத்துக்கு நகர்த்துங்கள். மழைக்காலத்தில் வெட்டுவாயில் நீர் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டுவாய்க்குக் கீழே முள் கொத்தாக வந்திருக்கிற ஒவ்வொரு பஞ்சுப் புள்ளியிலும் ஒரு மொட்டு தூங்குகிறது. வெயில் ஏறினதும் சில மாசத்தில் அவற்றில் இரண்டு மூன்று பிதுங்கும். கோலிக்குண்டு அளவிலேயே எதிரெதிராக இரண்டை மட்டும் விட்டு மற்றதைத் திருகி எடுத்துவிடுங்கள். கிளை தண்டோடு ஒட்டும் இடம் குறுகலாக இருக்கும், கூட்டமாக விட்டால் பாரத்தில் பிய்ந்து விழும்.

இரண்டையும் வெயிலுக்குப் பழக்க வேண்டும். நிழலில் வளர்ந்த உடம்பைச் சித்திரை வெயிலில் ஒரே நாளில் தூக்கி வைத்தால் வெந்து, வெளிறிய தழும்பு விழும், அந்தத் தழும்பு மாறாது. முதலில் காலை வெயில் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். நல்ல வெயிலில் முதிர்ந்தால் இந்த இனம் பூக்கும். கையகலத்துக்கு மேல் பெரிய வெள்ளைப்பூ, இரவில் விரிந்து விடிந்து வெயில் ஏறுவதற்குள் வாடிவிடும். மூடிய வளவுக்குள் அது பூக்காமல் போனதுதான் எனக்கு வருத்தம்.

பங்காளிகள் சொன்னதற்கு வருகிறேன். முள் வீட்டுக்கு ஆகாது என்கிறவர்கள் வீட்டு மொட்டை மாடியிலேயே திருஷ்டிக்கென்று கள்ளி வைத்திருப்பதைப் பார்க்கிறோம். வாசலில் முள்ளோரக் கற்றாழையைத் தலைகீழாகக் கட்டுகிறோம். பந்தி நடக்கிற இடத்தில் முள் நிற்கக் கூடாது என்பது வேறு, அது நியாயம், இலைபோடக் குனிகிறவர் முதுகில் குத்தும். அதற்காகச் செடியை வளவிலிருந்து நகர்த்துகிறோம், வீட்டிலிருந்து அல்ல. மூத்தவர் ஒருவர் கையால் வைத்துப்போன செடி நன்றாக இருக்கும்போது அதை அழிப்பதற்கு நான் ஒருநாளும் யோசனை சொல்ல மாட்டேன்.

கேள்வி: கேக்டஸ் என்று சொல்லித்தான் நர்சரியில் கொடுத்தார்கள். மூன்று பட்டையாக 7 அடி வளர்ந்து மின்விசிறியைத் தொடுகிறது. ஓரங்களில் சின்னச் சின்ன இலையும் உண்டு. நுனியைக் கிள்ளினேன், பால் வடிகிறது. வெட்டலாமா அண்ணே?

ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: வெட்டலாம் தம்பி, ஆனால் ஆச்சிக்குச் சொன்ன விதம் வேறு, உங்களுக்கு வேறு. இது நம் வேலிச் சதுரக்கள்ளிக்குச் சொந்தக்காரச் செடி, ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, யூஃபோர்பியா இனம். முள் இரண்டிரண்டாக ஜோடியாக நிற்கும். அடியில் பஞ்சுப் புள்ளி இருக்காது. இதன் பால் தோலில் பட்டால் எரியும், கொப்புளம் போடும், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. கையுறையோடு கண்ணாடியும் போடாமல் கத்தியைத் தொடாதீர்கள். வீட்டுக்குள் வெட்டாதீர்கள், வாசலுக்கு எடுத்துப் போங்கள். குழந்தைகளும் நாயும் உள்ளே இருக்கட்டும். வெட்டினதும் இரண்டு முனையிலும் தண்ணீர் தெளித்துப் பாலை நிறுத்துங்கள். கத்தியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவும் வரை முகத்தைத் துடைக்காதீர்கள். தப்பித்தவறிக் கண்ணில் பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடத்துக்குக் குறையாமல் கழுவிவிட்டு, எரிச்சல் அடங்கினாலும் கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். இந்தத் துண்டு மெல்லியது, 10 நாள் காய்ந்தால் நடலாம். பழைய தண்டு வெட்டிய இடத்துக்குக் கீழே கிளைத்துப் புதராகும், எனக்கு அந்த வடிவம்தான் பிடிக்கும்.

கேள்வி: தோட்டத்து வேலியோரம் சப்பாத்திக்கள்ளி நிற்கிறது. அதன் பட்டையெல்லாம் வெள்ளைப் பஞ்சு. குச்சியால் நசுக்கினால் ரத்தமாகச் சிவப்பு வருகிறது. உள்ளே வளர்க்கும் தூண்கள்ளிக்கும் ஒட்டிக்கொள்ளுமா?

ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: பயப்படாதீர்கள், அது சாயப்பூச்சி, காச்சினீல் என்பார்கள். சிவப்புச் சாயம் எடுக்க உலகமே தேடிய பூச்சி இனம். சப்பாத்திக்கள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். ஒரு காலத்தில் சென்னை மாகாணத்து மேய்ச்சல் நிலங்களையும் புன்செய்களையும் அது மூடிக்கொண்டது. அதை ஒழிக்கத்தான் 1926-ல் இலங்கையிலிருந்து இந்தப் பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். கத்தியும் தீயும் முடிக்காததைப் பூச்சி முடித்தது. இது சப்பாத்திக்கள்ளி இனத்தைத்தான் நாடும், உங்கள் தூண்கள்ளியைத் தேடி வருவது அரிது. உள்ளே இருக்கும் செடியில் வெள்ளையாக ஏதும் தெரிந்தால் பெரும்பாலும் மாவுப்பூச்சியாக இருக்கும், நசுக்கினால் இந்தச் சிவப்பு வராது. பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்து எடுங்கள், வாரம் ஒரு தடவை பார்த்துக்கொண்டிருங்கள்.

கேள்வி: சிவப்பு உருண்டை வைத்த குட்டிக் கேக்டஸ் வாங்கினேன். உருண்டை சுருங்கி உதிர்ந்துவிட்டது. அடியில் இருந்த பச்சைக் குச்சி மட்டும் 2 அடி நீண்டு சாய்கிறது. என்ன செய்ய?

ஒரு மாணவி, பள்ளத்தூர்

பதில்: நீ வாங்கியது ஒட்டுச்செடிம்மா. சிவப்பு உருண்டையில் பச்சையம் கிடையாது, தனக்கு வேண்டியதைத் தானே சமைக்கத் தெரியாது. அதனால் 1940-களில் ஜப்பானில் அதை வேறு ஒரு பச்சைக் கள்ளியின் மேல் ஒட்டி வளர்க்கத் தொடங்கினார்கள். மேலே உள்ளது சில வருஷம்தான் இருக்கும், அது போனதில் உன் தவறு எதுவும் இல்லை. அடியில் இருக்கும் மூன்று பட்டைக் குச்சி டிராகன் பழக் கொடியின் இனம், அது ஏறிப் படர்வதற்கே பிறந்தது. அதை வெட்டிக் குட்டையாக்கப் பார்க்காதே. பெரிய தொட்டிக்கு மாற்றி, தேங்காய் நார் சுற்றிய கம்பு ஒன்றை நட்டு அதில் கட்டிவிடு. மற்றக் கள்ளிகளைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் கேட்கும், மேல்மண் காய்ந்ததும் ஊற்று. மத்தியான வெயில் மட்டும் நேராகப் படாமல் பார்த்துக்கொள்.